ஏரியா, வயலா, பனங்காட்டு மேடா? ஒரு விளையாட்டு வளாகத்துக்கு இடம் பார்த்த கதை

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுகாவின் கிழக்கு ஓரத்தில், கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதிப் பக்கத்து ஊர்களில், விளையாட்டு வளாகம் என்று பேச்செடுத்தால் பணத்தைப் பற்றி யாரும் முதலில் கேட்பதில்லை. பஞ்சாயத்துக்கு ஒரு மைதானம் என்று கேரள அரசு ஒரு திட்டமே வைத்திருக்கிறது. மைதானம் ஒன்றுக்கு ஒரு கோடி ரூபாய். பாதியை விளையாட்டுத் துறை தரும், மீதியை எம்.எல்.ஏ. நிதி, பஞ்சாயத்து நிதி என்று திரட்டிக்கொள்ள வேண்டும். பேச்சு வந்து முட்டுவது இடத்தில்தான். எங்கள் பக்கத்தில் கிராமசபைக்குக் கிராமசபை அடிபடுபவை நாலு இடங்கள்: கோடையில் வற்றிக் கிடக்கும் ஏரி, கால்வாய் ஓரத்து வயல், பள்ளிக்கூட மைதானம், ஊருக்குக் கிழக்கே பனங்காட்டு மேடு. ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்சி இருக்கிறது. (அரசியல் கட்சியைச் சொல்லவில்லை. அதுவும் இருக்கிறது.)

எந்த இடம் என்று சண்டை போடுமுன் யார் என்ன விளையாடுகிறார்கள் என்று எண்ணிப் பார்ப்பது நல்லது. கிழக்கே பொள்ளாச்சிச் சீமை. அங்கிருந்து கபடியும் வாலிபாலும் வந்தன. மேற்கே பாலக்காடு, அங்கிருந்து செவன்ஸ் பந்தாட்டம், அதாவது பக்கத்துக்கு ஏழு பேர் ஆடும் கால்பந்து வந்தது. பள்ளிக்கூடத்துப் பெண் பிள்ளைகள் கோ-கோ ஆடுகிறார்கள். சர்க்கரை வியாதிக்காரர்கள் காலையில் நடக்கிறார்கள், அதுவும் லாரி போகும் ரோட்டில். போலீசுக்கும் ராணுவத்துக்கும் ஆள் எடுக்கும்போது பையன்கள் விடியுமுன்னே ஓடுகிறார்கள். ராணுவத் தேர்வில் 1.6 கிலோமீட்டர் ஓட்டம் உண்டு.

இதையெல்லாம் மீட்டரில் போட்டுப் பார்த்தால் சங்கதி தெளிவாகும். ஆண்கள் கபடிக் களம் 13-க்கு 10 மீட்டர், பெண்களுக்கு 12-க்கு 8. வாலிபால் 18-க்கு 9. சுற்றிலும் 3 மீட்டர் விட்டால் 24-க்கு 15. கோ-கோ 27-க்கு 16. கபடிக்கும் வாலிபாலுக்கும் இரண்டிரண்டு, கோ-கோவுக்கு ஒன்று என்று வைத்தாலும் எல்லாம் ஒரு ஏக்கருக்குள் அடங்கிவிடும். இடத்தைத் தின்பது ஒன்றே ஒன்று: எட்டு லேன் கொண்ட 400 மீட்டர் ஓடுபாதை. அது 177 மீட்டர் நீளம், 92 மீட்டருக்கு மேல் அகலம். தனியாகவே நாலு ஏக்கர் கேட்கும். வளாகம் என்றாலே எல்லோர் கண்ணிலும் அந்த முட்டை வடிவம்தான் வந்து நிற்கிறது. நாலு இடங்களில் எது சரி என்பது கடைசியில் அந்த முட்டை வேண்டுமா வேண்டாமா என்பதில்தான் தொங்குகிறது.

ஏரியில் தொடங்குகிறேன். "வருஷத்துல முக்காவாசி நாள் தண்ணியே இல்லீங்க, சும்மாதானே கெடக்குது" என்று ஒரு பெரியவர் சொன்னார். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். கேரளம் என்றால் மழை என்று நினைப்பவர்களுக்கு இந்தக் கிழக்குப் பகுதி தெரியாது. மழை மறைவுப் பகுதி இது. ஆழியாற்று நீர் மணக்கடவு அணைக்கட்டில் அளந்து விடப்படுகிறது. தமிழ்நாட்டோடு செய்த 1970-ஆம் ஆண்டு பரம்பிக்குளம்-ஆழியாறு ஒப்பந்தப்படி சித்தூர்ப் புழைக்கு வருஷத்துக்கு 7.25 டி.எம்.சி. அந்தத் தண்ணீரும் தாமதமானால் இங்கே மறியல்தான். இப்படிப்பட்ட ஊரில் ஏரி சும்மா கிடப்பதில்லை. பெய்கிற கொஞ்ச மழையை வாங்கி மண்ணுக்குள் இறக்குவதுதான் அதன் வேலை. சுற்றியுள்ள கிணறுகளும் தென்னந்தோப்புகளும் அதை நம்பித்தான் இருக்கின்றன. தோப்பு காய்ந்தால் கள்ளுக்கும் வழியில்லை என்பதை இந்தத் தாலுகாவில் யாருக்கும் விளக்க வேண்டாம்.

சட்டமும் இந்தப் பக்கம்தான். வற்றிப்போன குளத்தை வீட்டுமனையாகக் கொடுத்த ஓர் உத்தரப்பிரதேச வழக்கில், குளம் ஊர்ச்சொத்து, அதைக் காக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2001-இல் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. ஏரியில் மண்ணைக் கொட்டி கேலரி கட்டிய பிறகு யாராவது ஒருவர் கோர்ட்டுக்குப் போனால் கேலரியும் போகும், கோடியும் போகும்.

ஆனால் ஒன்று. மாசியிலிருந்து வைகாசி வரை பையன்கள் ஏரிக்குள் ஸ்டம்பு நட்டு ஆடுகிறார்களே, அது தாராளமாக நடக்கட்டும். களிமண் காய்ந்து இறுகிய தரை பந்து எழும்புவதற்கு எவ்வளவு நல்லது என்று கிரிக்கெட் ஆடியவர்களுக்குத் தெரியும். மழை வந்ததும் தானே மறைந்து, வெயில் வந்ததும் தானே முளைக்கும் மைதானம் அது. அதற்கு ஒரு ரூபாய் செலவில்லை, ஒரு சுவரும் வேண்டாம்.

அடுத்தது கால்வாய் ஓரத்து வயல். பஸ் நிறுத்தத்துக்குப் பக்கம், தட்டையான நிலம், வண்டி நிறுத்த இடம் எல்லாம் உண்டு. காண்ட்ராக்டர்களுக்குப் பிடித்த இடம் இதுதான். ஆனால் கேரளத்தில் 2008-ஆம் ஆண்டின் நெல்வயல், ஈரநிலப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. வில்லேஜ் ஆபீஸ் பதிவில் அது 'நிலம்' (இங்கே அப்படியென்றால் நெல்வயல்), நெல்வயல்களைப் பட்டியலிடும் டேட்டா பேங்கிலும் ஏறியிருக்கிறது. பொதுக் காரியத்துக்காக வயலை மாற்ற அரசு விலக்குக் கொடுக்கலாம், பத்தாம் பிரிவு அதற்குத்தான் இருக்கிறது. அதற்கு, வேறு இடமே இல்லை என்று அரசுக்குத் திருப்தி ஏற்பட வேண்டும். பக்கத்து வயலின் சாகுபடிக்கும் பாதிப்பு இருக்கக் கூடாது. பனங்காட்டு மேடு கண்ணெதிரே கிடக்கும்போது வேறு இடம் இல்லை என்று கிருஷி பவனில் (வேளாண்மை அலுவலகத்தில்) போய் யார் எழுதிக் கொடுப்பது?

மண்ணையும் பார்க்க வேண்டும். கேரளத்தில் கரிசல் மண் கிடைப்பது சித்தூர் தாலுகாவில்தான். ஈரம் பட்டால் உப்பும், வெயிலில் சுருங்கிப் பிளக்கும். கோடையில் இந்த வயலின் வெடிப்புக்குள் கை நுழையும். இதன்மேல் சிமென்ட் தளமோ சிந்தெடிக் பாதையோ போட்டால் இரண்டு மழைக்குள் அலை அலையாக எழும். கட்டடத்துக்கு வழி இல்லாமல் இல்லை. அடியில் குமிழ் வைத்த பைல்களை ஆழமாக இறக்கலாம். கரிசலுக்காகவே ரூர்க்கி கட்டட ஆய்வு நிறுவனம் உருவாக்கிய முறை அது. அப்படிச் செய்தால் பணத்தில் பெரும்பங்கு மண்ணுக்கு அடியிலேயே புதைந்துவிடும்.

கைவிட்ட கல்குவாரி ஒன்றில் கட்டலாமே என்று கூட்டத்தில் ஓர் இளைஞர் பேச்செடுத்தார். போர்ச்சுகலில் பிராகா ஊர் மைதானம் 2003-இல் அப்படித்தான் கட்டப்பட்டது என்று போனில் படமும் காட்டினார். உண்மைதான். எட்வர்டோ சூட்டோ டி மௌரா வடிவமைத்தது. பார்வையாளர் இருக்கை இரண்டு பக்கம் மட்டும், ஒரு முனையில் பாறைச் சுவரே சுவராக நிற்கும். ஆனால் அது மலைச்சரிவில் வெட்டிய குவாரி. எங்கள் பக்கத்துக் குவாரிகள் தரையில் தோண்டிய கிடங்குகள், அடியில் தண்ணீர். அங்கே முதலில் வேண்டியது வேலி.

இனி பள்ளிக்கூட மைதானம். சின்ன இடம், செவன்ஸ் பந்துக்கே நெருக்கடி. ஆனாலும் பெண் பிள்ளைகளை வைத்துப் பார்த்தால் இதைவிட நல்ல இடம் கிடையாது. ஊர் நடுவில் இருக்கிறது, தெருவிளக்கு உண்டு, கழிப்பறை உண்டு, சாயங்காலம் ஆறரைக்கு வீடு திரும்ப அம்மாவிடம் வாதாட வேண்டியதில்லை. பனங்காட்டு மேடு ஊரிலிருந்து ஒன்றரைக் கிலோமீட்டர்; வழியில் விளக்கு கிடையாது. மேட்டில் மட்டும் கட்டினால் அது பையன்களின் வளாகமாகத்தான் இருக்கும் என்று குடும்பஸ்ரீ மகளிர் குழுக் கூட்டத்தில் ஓர் அக்கா சொன்னதை யாரும் மறுக்க முடியவில்லை. பள்ளி விட்ட பிறகு கேட்டைத் திறந்து வைக்கப் பள்ளியும் பஞ்சாயத்தும் ஓர் ஏற்பாட்டுக்கு வர வேண்டும், அவ்வளவுதான் தடை. பெண்கள் கபடி, வாலிபால், கோ-கோ மூன்றையும் இங்கேயே வைத்துக்கொள்ளலாம் என்பது என் கட்சி. இதை மேட்டுக்கு மாற்றாகச் சொல்லவில்லை. மேட்டோடு சேர்த்துத்தான்.

மேட்டைப் பற்றித்தான் விரிவாகப் பேச வேண்டும். ஏழு ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவான புறம்போக்கு. சரளை மண், ஆங்காங்கே பாறை தலைகாட்டும். கிழக்கே உயர்ந்து மேற்கே சரிகிறது. நாற்பது மீட்டர் நடந்தால் ஒரு மீட்டர் இறங்கியிருப்போம். நடக்கிறவர் காலுக்குத் தெரியாத சரிவு, தண்ணீருக்கு மட்டும் தெரியும். மேட்டில் பெய்வது ஓடையாகிச் சேர்வது அதே ஏரியில். ஏரி நிறைந்தால் மறுகால் பாய்வது அதே கால்வாய் ஓரத்து வயலில். நாம் மூன்று இடங்கள் என்று தனித்தனியாகப் பட்டியல் போட்டவை ஒரே சரிவின் தலை, இடுப்பு, கால். மேட்டில் என்ன செய்தாலும் அது ஏரியிலும் வயலிலும் போய்த்தான் தெரியும்.

மேட்டில் கட்ட இரண்டு வழி உண்டு. முதல் வழி, ஜேசிபி விட்டு முழுக்கச் சமன்படுத்தி 400 மீட்டர் பாதை போடுவது. ஓடும் திசையில் ஆயிரத்துக்கு ஒரு மீட்டருக்கு மேல் சரிவு கூடாது என்பது தடகள விதி. பாதையின் நீளத்தைச் சரிவின் வாக்கில் வைத்தால் இரு முனைக்கும் இடையே நாலரை மீட்டர் வித்தியாசம். மேல் பாதியை வெட்டிக் கீழ்ப் பாதியில் கொட்டினாலும் சுமார் 9,000 கன மீட்டர் மண்ணைப் புரட்ட வேண்டும். டிப்பருக்கு 200 கன அடி என்று வைத்தால் ஆயிரத்தைந்நூறு லோடுக்கு மேல். வெட்டுகிற பக்கம் பாறை வந்தால் வெடி வைக்க வேண்டும். கொட்டுகிற பக்கம் புது மண். அதைப் பிடித்து நிறுத்த இரண்டு மீட்டர் உயரச் சுவர். ஒரு ஐப்பசி மழை போதும், பிடிமானம் இல்லாத மண் கரைந்து ஏரிக்குள் வண்டலாக இறங்கிவிடும். ஏரியைத் தொடாமலே ஏரியைத் தூர்க்கும் வழி இது. நீளத்தைத் திருப்பி வடக்குத் தெற்காக வைத்தால் மண்வேலை ஏறக்குறைய பாதியாகும்; அப்போதும் நாலு ஏக்கர் பனை போகும்.

இத்தனைக்கும் அந்தப் பாதை யாருக்கு? பாலக்காட்டில் மெடிக்கல் காலேஜ் மைதானத்தில் சிந்தெடிக் பாதை இருக்கிறது. ஸ்ரீசங்கர் போல 2022 காமன்வெல்த் போட்டியில் நீளம் தாண்டி வெள்ளி வாங்கியவர் வந்த மாவட்டம் இது. தடகளத்தில் தீவிரமாக இறங்குகிற பிள்ளைக்கு அங்கே பயிற்சி கிடைக்கும். ஊர்ப் பையனுக்கு வேண்டியது ஒரு நேரான 100 மீட்டரும் சுற்றி ஓட ஒரு மண் பாதையும்தான்.

இரண்டாவது வழி, படி படியாக இறங்குவது. வாலிபால் களத்தின் நீண்ட பக்கத்தைச் சரிவுக்குக் குறுக்கே வைத்தால் 15 மீட்டர் அகலத்துக்கு இறக்கம் 40 சென்டிமீட்டருக்கும் குறைவு. ஒரு பக்கம் முழங்காலில் பாதி உயரம் வெட்டி மறுபக்கம் கொட்டினால் தீர்ந்தது. 40 மீட்டர் அகலமுள்ள பந்தாட்ட மைதானத்துக்குக் கூட ஒரு மீட்டர்தான். இடையிலே வரும் கரையைச் சிமென்ட் இல்லாமல் கருங்கல்லை அடுக்கிக் கட்டலாம். தோட்டத்து வரப்புகளுக்கு நம் ஆட்கள் காலங்காலமாகக் கட்டுவதுதான். கல்லிடுக்கில் தண்ணீர் கசிந்து வெளியேறும், சுவரைத் தள்ளாது. அந்தக் கரையே உட்கார இடமும் ஆகும். திருவனந்தபுரம் உள்ளூரில் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கட்டிய சென்டர் ஃபார் டெவலப்மென்ட் ஸ்டடீஸ் வளாகத்தைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. குன்றின் சரிவை அப்படியே விட்டு, மரங்களுக்கு வழிவிட்டுக் கட்டடங்கள் வளைந்து போகும்.

இந்த மேட்டில் ஓர் அதிர்ஷ்டமும் இருக்கிறது. சரிவு மேற்கு நோக்கி என்பதால், குறுக்கே வைக்கும் களங்களின் நீளவாக்கு தானாக வடக்குத் தெற்காக அமைகிறது. காலை வெயிலும் மாலை வெயிலும் ஆட்டக்காரர் கண்ணில் அடிக்காமலிருக்க எந்தக் கையேடும் சொல்லும் திசை அதுதான்.

அதிர்ஷ்டம் ஆட்டக்காரருக்கு மட்டும். கரையில் உட்கார்ந்து பார்ப்பவர் மேற்கு நோக்கி அமர்வார். சாயங்காலம் நாலு மணிக்குச் சூரியன் நேரே முகத்தில். அதனால்தான் பெரிய மைதானங்களில் முக்கிய கேலரியை மேற்கே வைக்கிறார்கள். நிலம் கொடுக்கும் இருக்கை தப்பான பக்கத்தில் இருக்கிறது என்பதை ஒப்புக்கொண்டுதான் ஆக வேண்டும். களங்களின் மேற்கு ஓரத்தில் புங்கனும் வேம்பும் வைத்தால் ஏழெட்டு வருஷத்தில் நிழல் வரும். அதுவரை பெரிய ஆட்டங்களை ஐந்தரைக்கு மேல் வைத்துக்கொள்ளலாம். பனை நிழல் தராது, அதை நம்ப வேண்டாம்.

காற்றையும் மறக்கக் கூடாது. பாலக்காட்டுக் கணவாய் வாயிலில் இருக்கிறோம். ஆனி ஆடியில் மேற்கிலிருந்து மேல்காற்று, மார்கழி தையில் கிழக்கிலிருந்து வறண்ட காற்று. கிழக்குக் காற்றுக்கு மேல் படியின் கரை கொஞ்சம் மறைப்பாகும்; மேல்காற்றுக்கு மரவரிசை வரும்வரை ஒன்றும் செய்வதற்கில்லை. ஐந்து கிராம் இறகுப்பந்தை வைத்துக்கொண்டு இங்கே வெளியில் ஷட்டில் ஆட முடியாது.

அப்படியானால் உள்ளரங்கம் வேண்டுமே என்பார்கள். ஷட்டிலுக்குக் கூரை 9 மீட்டராவது உயர வேண்டும். மேட்டின் உச்சியில் அப்படி ஒரு தகரக் கொட்டகை நின்றால் தாலுகா முழுக்கத் தெரியும். திறப்பு விழாப் படத்துக்கு நன்றாக இருக்கும் என்பதும் உண்மை. கட்டியே ஆக வேண்டும் என்றால் கீழ்ப் படியில், மேல் கரைக்கு ஒட்டிக் கட்டலாம். பனை உயரத்துக்குள் அடங்கிவிடும். காற்று கிழக்கு மேற்காக அடிப்பதால் ஜாளி ஓட்டைகளை வடக்கு, தெற்குச் சுவர்களில் வைத்தால் புழுக்கமும் குறையும், பந்தும் தள்ளாடாது. என் கணக்கில் இது இரண்டாம் கட்டத்துக்குரிய செலவு. நாலு பேர் நாலு பேராக ஆடும் ஆட்டத்துக்கு முதல் கோடியைக் கொடுக்க மனசு வரவில்லை.

தரை என்ன? டர்ஃப், அதாவது பிளாஸ்டிக் புல் வேண்டும் என்று இளவட்டம் கேட்கும். மணிக்கு வாடகை வாங்கலாம் என்று பஞ்சாயத்தும் ஆசைப்படும். 2024 ஏப்ரலில் பாலக்காட்டுக்கு வெப்ப அலை எச்சரிக்கை வந்தது நினைவிருக்கும். பிளாஸ்டிக் புல் நல்ல வெயிலில் 60 டிகிரியைத் தாண்டும். பகலில் கால் வைக்க முடியாது, ராத்திரிதான் ஆட்டம், அதற்கு ராத்திரி முழுக்க விளக்கு. பத்து வருஷத்துக்குள் நைந்த புல்லைச் சுருட்டி எங்கே போடுவது என்பது தனிக் கேள்வி. நிஜப் புல்லோ தண்ணீர் கேட்கும். ஒரு ஏக்கருக்கு நாளைக்கு 5 மில்லிமீட்டர் விட்டாலே 20,000 லிட்டர். ஆழியாற்றுத் தண்ணீருக்கு மறியல் செய்கிற ஊரில் புல்லுக்கு அவ்வளவு ஊற்றினால் பக்கத்துத் தோப்புக்காரர் சும்மா இருக்க மாட்டார். சலித்த செம்மண் தரைதான் இங்கே சரி. கபடிக்காரர்களுக்கு அதுவே பிடிக்கும். பந்தாட்டக்காரர்கள் முழங்காலைத் தடவிக்கொண்டு பழகிக்கொள்வார்கள்.

மரங்கள். படி முறையிலும் சில பனைகள் போகத்தான் போகும், ஒன்றும் போகாது என்று சொல்வது பொய். எவை போகும் என்பதைக் களத்தை நகர்த்தி நகர்த்திப் பார்த்துத் தீர்மானிக்கலாம். வாலிபால் களத்தை அஞ்சு மீட்டர் தள்ளி வைப்பதில் யாருக்கும் நஷ்டமில்லை. பனை உழவாரன் குருவி கூடு வைப்பது காய்ந்து தொங்கும் பனையோலையின் அடியில்தான். பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று ஓலையைக் கழித்துச் 'சுத்தம்' செய்துவிட்டால் மரம் நிற்கும், குருவி இருக்காது. விளக்குக் கம்பங்களை உயரமாக நட்டு நாலாபக்கமும் அடிக்காமல், தாழ்ந்து களத்தை மட்டும் பார்க்கும் விளக்காக வைத்து, ஒன்பதரைக்கு அணைத்துவிடலாம்.

ஆக, பெண்களுக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் பள்ளிக்கூட மைதானம், மேட்டில் படிப்படியாகப் பந்தும் வாலிபாலும் கபடியும், விளிம்பில் ஓட ஒரு மண் பாதை. ஏரி ஏரியாகவே, வயல் வயலாகவே. செலவு வரிசையில் முதலில் வருவது மேட்டுக்குப் போகும் ரோட்டுக்கு விளக்கு, அப்புறம் இரண்டு இடத்திலும் கழிப்பறையும் குடிதண்ணீரும், அப்புறம் கல்கட்டு. களங்கள் அதன் பிறகு.

எஸ்டிமேட் போடுமுன் என்ஜினியரிடம் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது: அரை மீட்டர் உயரத்துக்கு ஒரு கோடு போட்ட மட்ட வரைபடம், ஒவ்வொரு பனையும் பாறையும் அதில் புள்ளியாக. வழக்கமான எஸ்டிமேட்டில் முதல் வரியே 'நிலம் சமன்படுத்தல்' என்று இருக்கும், அதற்கு நேரே மொத்தமாக ஒரு தொகை. அந்த வரியில் எத்தனை கன மீட்டர், எங்கே வெட்டி எங்கே கொட்டுகிறார்கள் என்று வார்டு மெம்பர் கேட்டு வாங்கி அடுத்த கிராமசபையில் வாசிக்கட்டும். ஐப்பசி மழைக்குள் அது கைக்கு வந்தால் குடையைப் பிடித்துக்கொண்டு மேட்டில் ஏறி, வரைபடத்துக்கும் ஓடுகிற தண்ணீருக்கும் ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிடலாம்.